அணைக்கும் முன் ஒரு மிதி

அந்தக் காரின் உள்கண்ணாடியை எத்தனை முறை என் உயரத்துக்குத் திருப்பி வைத்தாலும் அது பழைய இடத்துக்கே போய்விடும். என்ஜினைக் கிளப்பிக் கொட்டகையைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பேன். இறங்கும் முன் நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடியில் பின்னால் இருக்கும் சாலை தெரியாது. காரின் மேற்கூரைத் துணிதான் தெரியும். என்னைவிட அரையடி உயரமான ஒருவர் அந்த இருக்கையில் உட்கார்ந்தால் அவருக்குச் சாலை சரியாகத் தெரியும்.

அந்த உயரமானவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பயப்பட ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் மெக்கானிக்கல் படித்தவள். கண்ணாடியைத் தாங்கும் குண்டு மூட்டைக் கழற்றிப் பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேல் ஒரே கோணத்தில் நின்று நின்று அந்தக் கிண்ணத்துக்குள் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. என்ஜின் அதிரும்போது குண்டு மெல்ல நகர்ந்து அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். காரணம் கண்டுபிடித்த சந்தோஷத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டேன். ஆனாலும் அதற்குப் பிறகு காரில் ஏறும்போது கண்ணாடியைத் திருப்புகிற கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது.

வார நாட்களில் நான் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை பார்க்கிறேன். அங்கே பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் வளைவை அரை மில்லிமீட்டர் மாற்ற நாலு பேர் கையெழுத்து வேண்டும். அந்தப் பொறுமை எனக்கு வராது. அதனால் கோயமுத்தூர் கணபதியில், மூடிப்போன இரும்பு வார்ப்புப் பவுண்டரி ஒன்றின் பின்கொட்டகையை வாடகைக்கு எடுத்தேன். பழைய கார்களின் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் வைப்பது என் சனி ஞாயிறு வேலை. வீட்டில் இதற்கு ஒரு பெயர் இருந்தது. "அவ கார் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறா" என்று அம்மா வருகிறவர்களிடம் சொல்வார்.

இந்தக் கார் சோமனூரிலிருந்து வந்தது. முதுகு வளைந்த பழைய நான்கு கதவு வண்டி. வட்ட முகப்பு விளக்கு, ஸ்டியரிங் கம்பத்திலேயே கியர், முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரும் ஒரே நீளச் சீட்டு. கொண்டுவந்தவர் அங்கே விசைத்தறிக் கூடம் வைத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். அவரை நான் அண்ணா என்று கூப்பிட்டேன். அவர் என்னை அம்மணி என்றார். கார் அவருடைய அப்பாவுடையது. அப்பா அதில்தான் நாள் தவறாமல் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் துணி விற்கப் போய் வந்தாராம். இப்போது உதிரிப் பாகம் கிடைப்பதில்லை. கார்புரேட்டருக்கு ஒரு சின்ன ஊசி வேண்டுமென்றால்கூட ஊர் ஊராகக் கேட்க வேண்டும். தறிக்கூடத்தின் கூரை முழுக்கச் சோலார் போட்டிருந்தார். அந்தக் கரண்டிலேயே கார் ஓடினால் என்ன என்பது அவர் யோசனை.

"நிறுத்தி வெச்சா துருப் புடிக்குது. ஓட்டுனா சாமான் கெடைக்கறதில்ல. விக்கறதுக்கு அம்மா ஒப்ப மாட்டாங்க," என்றார். "நீங்க என்ன வேணாலும் பண்ணிக்கங்க அம்மணி. பார்க்கறதுக்கு மட்டும் எங்கப்பா கார் மாதிரியே இருக்கோணும்."

பார்ப்பதற்கு மட்டும் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் மாதக்கணக்கில் திண்டாடினேன்.

முதல் கேள்வி எடை. இரும்பு என்ஜினைத் தூக்கினால் காரின் மூக்கு மேலே எழும்பும். பேட்டரியை எல்லாம் டிக்கியில் அடுக்கினால் பின்பக்கம் அமுங்கி, ஸ்டியரிங் காற்றில் பிடித்த மாதிரி லேசாகிவிடும். அதனால் பாதிப் பேட்டரி என்ஜின் இருந்த இடத்தில், மீதி பெட்ரோல் டேங்க் இருந்த இடத்தில் என்று முடிவு செய்தேன். அடுத்தது மோட்டாரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் தட்டு. இரண்டின் அச்சும் முடியளவு விலகினாலும் கார் ஓடும்போது உதறும். பக்கத்துப் பட்டறையில் அலுமினியத்தில் வார்த்து, டயல் கேஜ் அளவுமானி வைத்துப் பார்த்துப் பார்த்துக் கடைந்தோம். பிரேக்கை டிஸ்க்காக மாற்றினேன். அதில் எனக்குக் குழப்பமே இல்லை, யாருடைய நினைவுக்காகவும் பழைய பிரேக்கை வைத்திருக்கக் கூடாது.

குழப்பம் எல்லாம் சின்ன விஷயங்களில்தான். மோட்டாருக்கு, கார் நிற்கும்போதும் சும்மா ஓடிக்கொண்டிருக்கிற ஐடிலிங் கிடையாது, அதனால் கிளட்ச் தேவையில்லை. கிளட்ச் மிதியை எடுத்துவிடலாமா? அதன் ரப்பர் இடது ஓரம் மட்டும் தேய்ந்து இரும்பு தெரிந்தது. அண்ணாவின் அப்பா காலைச் சாய்த்து வைத்துத்தான் மிதித்திருக்கிறார். சீட்டின் பஞ்சு வலது தொடைப் பக்கம் ஒரு விரல் ஆழம் இறங்கியிருந்தது. அதில் நான் உட்கார்ந்தால் என் உடம்பே கொஞ்சம் கதவுப் பக்கம் சாயும். கதவில், கை வைக்கிற இடத்தில் பெயிண்ட் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. சாய்ந்த உடம்பு கையை அங்கேதான் கொண்டுபோய் வைக்கும். நானும் அங்கேதான் வைத்திருந்தேன். ஒரு மத்தியான வேளையில் அளவெடுக்கும் டேப்போடு உட்கார்ந்திருந்தவள் அதைக் கவனித்தேன். பார்த்தே இராத ஒரு மனிதர் உட்காருகிற மாதிரி நான் உட்கார்ந்திருந்தேன். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது, தெருவில் இளநீர்க்காரர் போய்க்கொண்டிருந்தார். இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

என்ஜினைக் கழற்றும் முன் அதன் சத்தத்தைப் பதிவு செய்தேன். இது என் பழக்கம். அதிர்வு எவ்வளவு இருந்தது, பிறகு எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிட வேண்டுமே. பானெட்டுக்குக் கீழே ஒரு மைக், சேஸிஸில் ஒரு அதிர்வுமானி. சாவியைத் திருப்பி, மெதுவாக, வேகமாக, இன்னும் வேகமாக என்று ஆக்சிலேட்டரை மிதித்து, கடைசியில் சாவியை அணைத்தேன். பழைய என்ஜின் உடனே நிற்காது. இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டுத்தான் நிற்கும். அதுவும் பதிவானது.

மோட்டார் வைத்து முதன்முதலாக ஓட்டிய அன்றுதான் ஒன்று புரிந்தது. என்ஜின் சத்தம் இத்தனை நாள் எல்லாவற்றையும் மூடி வைத்திருந்தது. அது போனதும் கார் முழுக்கப் பேச ஆரம்பித்தது. கதவின் இடுக்கில் ஒரு கிறீச். கண்ணாடி அதன் ரப்பருக்குள் நகரும் சத்தம். பின்சீட்டில் யாரோ உட்கார்ந்து எழுகிற மாதிரி ஸ்பிரிங் ஒன்று. நான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். மின் கார் பண்ணுகிறவர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள், படித்தும் இருக்கிறேன். படிப்பது வேறு.

உள்கண்ணாடி இப்போது நகரவில்லை. அதிர்வு இல்லையே. என் உயரத்துக்கு வைத்தால் என் உயரத்திலேயே நின்றது. அது நிற்பதைப் பார்க்க எனக்கு ஏனோ நன்றாக இல்லை.

அண்ணா வந்து ஓட்டிப் பார்த்தார். கணபதியிலிருந்து சரவணம்பட்டி வரை போய்த் திரும்பினார். இறங்கியதும் கேட்டார்.

"சத்தம் ஒண்ணும் வராதுங்களா அம்மணி?"

"வராதுங்கண்ணா. அதுதானே விசேஷம்."

"அது செரி," என்று தலையை ஆட்டினார். பிறகு காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து விஷயத்தைச் சொன்னார். அப்பா இறந்த பிறகு, பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று தினமும் சாயங்காலம் பொழுதோடு அண்ணா காரை எடுத்துக்கொண்டு ரயில்வே கேட் வரை போய் வருவாராம். கார் சந்துக்குள் திரும்புகிற சத்தம் கேட்டதும் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பார். அப்பா இருந்தபோது இருந்த பழக்கம், விடவில்லை. தறி ஓடுகிற இரைச்சலில் எதிரில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது, ஆனால் அம்மாவுக்கு இந்தக் கார் மட்டும் கேட்கும். கார் இப்படிப் பூனை மாதிரி வந்து நின்றால் அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

அவர் சொல்லி முடிக்கும் முன்பே என் தலைக்குள் வேலை ஆரம்பித்துவிட்டது. என்னிடம்தான் பதிவு இருக்கிறதே. ரேடியேட்டர் இருந்த இடத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. மோட்டாரின் சுற்றுக்கும் மிதிக்கும் ஏற்றபடி அதே என்ஜினின் சத்தம் ஏறி இறங்க வேண்டும். சாவி போட்டால் கிளம்புகிற சத்தம், நின்றால் ஐடிலிங், அணைத்தால் அந்த இரண்டு குலுக்கல் உட்பட. செய்து முடித்தபோது, கண்ணை மூடிக்கொண்டால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் குலுக்கலை விடாமல் சேர்த்ததில் எனக்கு ஒரே பெருமை. அரசு அங்கீகாரம் உள்ள மின்மோட்டார் கிட் என்பதால் ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருளை மாற்றிப் பதிவதும் முடிந்தது. காரைச் சோமனூருக்குக் கொண்டுபோனோம்.

பொழுது சாயும் நேரம். அண்ணா ஓட்ட, நான் பின்சீட்டில் இருந்தேன். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். கார் பழைய குரலில் உறுமிக்கொண்டு சந்துக்குள் திரும்பியது. இரண்டு பக்கமும் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. வாசலைத் தாண்டித் தறிக்கூடத்துச் சுவரை ஒட்டிய ஷெட்டில் காரை நிறுத்தி, சாவியை அணைத்தார். இரண்டு குலுக்கல். பிறகு தறிச் சத்தம் மட்டும்.

அவருடைய அம்மா சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். சின்ன உருவம், கண்ணாடி போட்ட முகம், தோளில் ஈரத் துண்டு. காரைப் பார்த்தபடியே நின்றார். பெயிண்ட் எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று பார்க்கிறார் என நினைத்தேன். நான் இறங்கி வணக்கம் சொன்ன பிறகும் அவர் பார்வை என்மேல் முழுதாக வரவில்லை. "வா கண்ணு, காருக்கு ஆப்பரேசன் பண்ணுனது நீதானா?" என்று சிரித்தார். மகனைப் பார்த்து, "உங்கப்பன் கார்ல ஏறிட்டா நீ உங்கப்பன் ஆயிருவியாடா, போய்த் தறியப் பாரு," என்றார். அண்ணா கூடத்துக்கு ஷிப்ட் மாற்றப் போய்விட்டார். நான் ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் அண்ணாவிடமிருந்து போன். அம்மா சமையல்கட்டில் மயங்கி விழுந்துவிட்டார், சர்க்கரை அளவு ரொம்ப இறங்கிப்போயிருந்தது, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா பொழுதோடு சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, கையோடு சாப்பிட்டுவிடுவாராம். இப்போது மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். எத்தனை நாளாக இப்படி என்று அண்ணாவுக்கே தெரியவில்லை. அவர் மனைவி குழந்தையின் படிப்புக்காகக் கோயமுத்தூரில் இருந்தார். அண்ணா காரை நிறுத்தியதும் நேராகத் தறிக்கூடத்துக்குப் போய், எல்லாம் முடித்து வெகுநேரம் கழித்துத்தான் சாப்பிட வருவார். அம்மா சாப்பிட்டிருப்பார் என்றுதான் நினைத்திருந்தார். டாக்டர் இனி இப்படி ஆனால் ஆளே தப்பாது என்று திட்டியிருக்கிறார். அம்மா சரி சரி என்று தலையாட்டிவிட்டு, மறுநாளும் சாப்பிடவில்லை.

"உங்ககிட்ட எதுக்குச் சொல்றேன்னா அம்மணி," என்று இழுத்தார், "கார் திரும்ப வந்ததுல இருந்துதாங்க இப்படி. கார் உங்க கொட்டாயில இருந்தப்ப நல்லாத்தான் உண்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை போனேன். அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கொஞ்சம் உரித்தேன். கார் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"காருக்கென்ன அம்மணி, நல்லாத்தான் இருக்குது," என்றார். "வாரது தெரியுது. எறங்கறதுதான் தெரிய மாட்டேங்குது."

எனக்குப் புரியவில்லை. அவர் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல், சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார். அவருடைய வீட்டுக்காரர் காரை நிறுத்தியதும் அப்படியே அணைக்க மாட்டார். ஒருதரம் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்து, என்ஜின் உறுமி ஏறும்போதே சாவியைத் திருப்புவார். காலையில் சீக்கிரம் கிளம்பும் என்று அந்தக் காலத்து மெக்கானிக் யாரோ சொல்லிக்கொடுத்தது. அந்தக் காலத்து ஓட்டுநர்கள் பலரிடமும் இருந்த பழக்கம்தான். சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும் என்பது நம்பிக்கை. உண்மையில் அது உள்ளே இருக்கிற எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், தேய்மானம்தான் மிச்சம். இதைக் கல்லூரியில் சிரித்துக்கொண்டே படித்திருக்கிறேன்.

ஆனால் சமையல்கட்டில் அந்த மிதிக்கு வேறு வேலை இருந்தது. கார் சந்தில் திரும்பும் சத்தம் கேட்டால் கல்லை அடுப்பில் வைக்க வேண்டும். அந்தக் கடைசி உறுமல் கேட்டால் மாவை ஊற்ற வேண்டும். ஊற்றினால், அவர் இறங்கிக் கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார, தோசை தட்டில் விழச் சரியாக இருக்கும்.

"கல்லு காஞ்சுட்டே கெடக்குது," என்றார். "ஊத்தறதுக்குக் கை வர மாட்டேங்குது. வண்டி நின்னுபோச்சு, ஆனா அவிய எறங்கலையே. உள்ளயே உக்காந்துட்டு என்னதான் பண்றாரோ."

வெங்காயம் என் கையில் அப்படியே இருந்தது. அவர் சித்தம் தடுமாறிப் பேசுகிற ஆள் இல்லை. அவருடைய வீட்டுக்காரரைத் தகனம் பண்ணிய இடத்தையும், வந்தவர்கள் யார் யார் என்பதையும் அன்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார். கார் என் கொட்டகையில் இருந்த மாதங்களில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். "அவரு சரக்கோட வெளியூரு போயிருக்கறாருன்னு வெச்சுக்குவேன். முன்ன போவாருல்ல. அன்னிக்கெல்லாம் நான் நேரத்தோட உண்டுட்டுப் படுத்துக்குவேன்," என்றார். வெளியூர் போனவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாசல்வரை வந்துவிட்டவரை விட்டுவிட்டு எப்படிச் சாப்பிடுவது?

நீங்கள் ஓட்டிய இரண்டு வருடமும் அணைக்கும் முன் மிதித்தீர்களா என்று அண்ணாவிடம் கேட்டேன். "நானா? தெரியலீங்களே," என்றார். என் ஸ்கூட்டரைக் கிளப்பி அணைக்கச் சொன்னேன். கை தன்னால் ஒருதரம் முறுக்கிவிட்டுத்தான் சாவியைத் திருப்பியது. அவர் தன் கையைப் பார்த்தார். "எங்கப்பா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். காரிலும் அவர் கால் மிதித்துத்தான் இருக்கும், ஆனால் கார் நியூட்ரலில் நிற்கும்போது மிதி வேலை செய்யாதபடி நான்தான் பாதுகாப்புக்காகப் பூட்டியிருந்தேன்.

எனக்கு உடனே ஒரு தீர்வு தோன்றியது, எனக்குத் தோன்றுவதெல்லாம் உடனேதான். லேப்டாப் பையில் இருந்தது. பதிவில் என்ஜினை வேகமாக உறுமவிட்ட பகுதியை வெட்டி, அணைப்பதற்கு முன்னால் ஒட்டினேன். பொழுதோடு அண்ணா காரை எடுத்துப் போய்த் திரும்பி வந்தார். சந்து, ஷெட், உறுமல், இரண்டு குலுக்கல். சமையல்கட்டில் அம்மா கரண்டியை மாவுக்குள் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கல்லில் புகை எழும்பியது. கரண்டி வெளியே வரவில்லை.

"இது உன்ற காலு அம்மணி," என்றார். "அவியளுது இல்ல."

அது என் கால்தான். கணபதிக் கொட்டகையில் நான் மிதித்ததுதான் அது. இதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

அடுப்பை அணைத்துவிட்டு அவர் கேட்டார், "அந்த எஞ்சினு எங்க இருக்குது? வித்துப்போட்டீங்களா?"

விற்கவில்லை. கழுவித் துடைத்து, இரும்புத் தாங்கியில் மாட்டி என் கொட்டகையில் நின்றது. தறிக்கூடத்து ஆபீசில் காட்சிக்கு வைக்கலாம் என்று அண்ணா சொல்லியிருந்தார். "கொண்டுட்டு வா," என்றார் அம்மா. "ஒருக்கா நான் எறக்கி உட்டுக்கறேன்."

அந்த வாரம் முழுக்க அண்ணா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மிரட்டி, கெஞ்சிச் சாப்பிட வைத்தார். காரை எடுக்கவேயில்லை. நான் கம்பெனி வேலை முடிந்ததும் கொட்டகைக்கு ஓடினேன். தாங்கியில் நிற்கிற என்ஜினை ஓடவைப்பது சுலபமில்லை, முடியாததும் இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் என்ஜினோடு சேர்ந்த தகட்டில்தான் இருந்தது, அது நல்லதாகப் போயிற்று. பழைய ரேடியேட்டரைத் தாங்கியில் கம்பி போட்டுக் கட்டி, ஒரு பேட்டரியும் சாவி சுவிட்சும் இணைத்தேன். சுற்றுகிற பிளைவீலுக்கு முன்னால் பிளைவுட் மறைப்பு. டேங்க் கிடையாது, அதனால் ஒரு குளுக்கோஸ் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, உயரத்தில் கட்டி, அதன் குழாயைக் கார்புரேட்டருக்குக் கொடுத்தேன். பட்டறைகளில் எல்லோரும் செய்வதுதான். அந்த அம்மாவுக்கு இரண்டு வாரம் முன்பு ஏற்றிய அதே மாதிரிப் பாட்டில் என்பது கட்டிய பிறகுதான் உறைத்தது.

குட்டியானை வேன் ஒன்றைப் பிடித்து என்ஜினைச் சோமனூருக்குக் கொண்டுபோனேன். ஷெட்டில், காரின் மூக்குக்கு நேராகத் தாங்கியை இறக்கி வைத்தோம். புகை வெளியே போக ஒரு நீளக் குழாய். அண்ணா தறிகளை நிறுத்தச் சொல்லி உள்ளே ஆளனுப்பப் போனார்.

"தறி ஓடட்டும்," என்றார் அம்மா. "தறி நின்னுபோச்சுன்னா எனக்குக் காது கேக்காது."

பொழுது சரியாக இறங்கும்வரை காத்திருந்தோம். யாரும் நேரம் பார்க்கவில்லை, அவர்தான் சரி என்றார். அண்ணா சாவியைத் திருப்பினார். இரண்டு முறை இருமிவிட்டு என்ஜின் பிடித்துக்கொண்டது. என் பதிவையும் ஸ்பீக்கரையும் நினைத்து எனக்குக் கூச்சமாக இருந்தது. அவற்றில் வாசனை இல்லை, பாதத்துக்கு அடியில் தரை இப்படித் துடிக்கவும் இல்லை. அம்மா கிட்டே வந்தார். மிதியில்லாத என்ஜினில் எதை அழுத்துவது என்று கேட்டார். கார்புரேட்டரின் பக்கத்தில் இருக்கும் சின்ன நெம்புகோலைக் காட்டினேன். இழுத்தால் உறுமும், விட்டால் இறங்கும், சூடாக இருக்கும், துணி சுற்றிக்கொள்ளுங்கள் என்றேன். துணி வேண்டாம் என்றுவிட்டார்.

கொஞ்ச நேரம் தொடாமலே நின்றார். என்ஜின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவேளை இப்படியே ஓடட்டும் என்று விட்டுவிடுவாரோ என்றிருந்தது எனக்கு. பாட்டிலில் பெட்ரோல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணா சாவியில் வைத்த கையை எடுக்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்தார்.

அவர் நெம்புகோலைப் பிடித்து இழுத்தார். மெதுவாக அல்ல. ஒரே இழுப்பு, முழு இழுப்பு. ஷெட்டின் தகரம் அதிர உறுமல் ஏறியது. ஏறுகிற பாதியிலேயே தலையை அசைத்தார். அண்ணா அணைத்தார். சத்தம் அந்த உயரத்திலிருந்து விழுந்தது, இரண்டு குலுக்கல், நின்றது.

அம்மா என்ஜினைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் நின்ற காரின் ஓட்டுநர் பக்கக் கதவைப் பார்த்தார்.

"எறங்கி வாங்க," என்றார்.

கதவு மூடித்தான் இருந்தது. நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை என்று எழுதினால் பொய். அம்மா அதற்குள் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தார். பெட்ரோல் கையை முந்தானையில் துடைத்தபடி சமையல்கட்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் கல்லில் மாவு விழுந்து இழுபடுகிற சத்தம் வந்தது. தறிகளுக்கு நடுவே அது எனக்கும் கேட்டது. முதல் தோசையை அவரே தின்றார், நின்றுகொண்டே. பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்.

ஸ்பீக்கர் பெட்டியை அன்றே கழற்றிவிட்டேன். இப்போது கார் சத்தமில்லாமல்தான் வருகிறது. அம்மா மாத்திரை போட்டதும் சாப்பிட்டுவிடுகிறார், காருக்காகக் காத்திருப்பதில்லை. என்ஜின் தறிக்கூடத்து ஆபீஸ் மூலையில், கூடத்தில் நெய்த வெள்ளைத் துணி போர்த்தி நிற்கிறது.

போன மாதம் பிரேக் பார்க்கப் போயிருந்தேன். காரில் ஏறி உட்கார்ந்து நிமிர்ந்தேன். கண்ணாடியில் சாலை இல்லை. மேற்கூரைத் துணி இருந்தது.

தான் அதைத் தொடவில்லை என்றார் அண்ணா, பக்கக் கண்ணாடியைப் பார்த்தே ஓட்டிக்கொள்கிறாராம். என் தலைக்குள் உடனே கணக்கு ஓடியது. ஷெட்டும் தறிக்கூடமும் ஒரே சுவர். அத்தனை தறிகளும் பகலெல்லாம் தரையை அடிக்கின்றன. அந்த அதிர்வு டயர் வழியாக ஏறி, குண்டு மூட்டு நகர்ந்து நகர்ந்து அதன் பழைய பள்ளத்துக்குப் போயிருக்கும். தறிகள் ஓடாத நோம்பிப் பண்டிகை நாளில் கண்ணாடியை நேராக வைத்துவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஸ்குரூடிரைவரும் பையில்தான் இருந்தது, ஒரு திருகு இறுக்கினால் தீர்ந்தது.

ஷெட் வாசலில் அம்மா நின்றிருந்தார். கண்ணாடி திரும்பிக் கிடக்கிறது, இறுக்கிவிடட்டுமா என்று அவரிடம் கேட்டேன்.

"இருந்துட்டுப் போகுது அம்மணி," என்றார். "எறங்குனவரு இன்னொருக்கா ஏறக் கூடாதா என்ன? வா, கல்லு காயுது."

நான் ஸ்குரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். கதவைச் சாத்தும்போது, எதற்கென்று தெரியாமல், கொஞ்சம் மெதுவாகச் சாத்தினேன்.